கல்லூரிக்குப் பெண் கொடுத்த விவரம்

காஜா பேராங்,
மலாக்கா.
18-11-1958

மகா கனம் பொருந்திய மச்சான் மருதமுத்து அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் பொன்னுதுரை இரு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை சாரதாம்பாளும் மகள் கோகிலாவும் நலம். தைப்பிங்கில் நீங்களும் நலமென்றே நம்புகிறேன். நலமில்லையென்றால் அதை மறைக்காமல் எழுதவும்.

சங்கதி என்னவென்றால், கோகிலாவுக்குப் பினாங்குப் பக்கம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நேற்றுத்தான் கடிதம் வந்தது. எல்லாம் என் பேச்சுச் சாமர்த்தியம். பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தாலும், காஜா பேராங்கில் பதினோரு கல்யாணம் பேசி முடித்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

சென்ற மாதம் இங்கே மலாக்கா கல்வி ஆபீஸில் இண்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பரீட்சையில் பாஸான பிறகு எதற்கு இந்த இண்டர்வியூ என்று கேட்டேன். "ஆளை நேரில் பார்க்கணுமாம்பா" என்றாள் கோகிலா. அடடே, பெண் பார்ப்பது! இதைத்தானே நான் இருபது வருஷமாகச் செய்கிறேன்! ஆனாலும் ஒரு பயம் இருந்தது மச்சான், பொய் சொல்வானேன். போன வருஷம் அடுத்த சந்துக் கருணாகரன் மகள் மல்லிகா இதே இண்டர்வியூவில் எல்லாக் கேள்விக்கும் டாண் டாணென்று பதில் சொன்னாளாம். கடைசியில் அப்பனைக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்க, அவன் "யோசிக்கணும்" என்றானாம். பெயரை அடித்துவிட்டார்கள். யோசிக்கிறதை இப்படி மொட்டையாகச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? நம் பிள்ளையோ ராத்திரி பகல் அந்தக் கல்லூரியே நினைப்பாக இருந்தாள். அது கிடைக்காமல் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஆகவே, பெண் கொடுக்கிற பக்கம் நாம் என்றாலும், அவர்கள் இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று தெங்கேரா சந்தையில் ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கித் தட்டில் வைத்தேன். கோகிலாவுக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய பூ. பேச்சா சைக்கிள்வண்டியில் போகும்போதே பூவைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டாள், கழுதை. வாசலில் இருந்த பியூன் என்னைப் பழக்காரன் என்று நினைத்து, "பழம் விக்கிறதெல்லாம் வெளியில லா!" என்று விரட்டினான். நான் விடுவேனா? "தம்பி, நான் பொண்ணோட அப்பா" என்றேன். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பெஞ்சைக் காட்டினான். அங்கே இருந்த மற்ற அப்பாமார்களுக்குச் சபையில் பேசும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். இருவர் எழுந்து தூரப் போய் உட்கார்ந்தார்கள்.

அரைமணி கழித்து என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள், துவான் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு மலாய்க்கார அதிகாரி, ஒரு சீனர். மூவருக்கும் தமிழ் தெரியாது. நமக்கோ இங்கிலீஷ் தகராறு, மலாய் சந்தைக்குப் போதும், சபைக்கு ஆகாது. கோகிலாவையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். ஹாஸ்டலில் இரண்டு வருஷம், பிறகு எந்த ஊருக்கு அனுப்பினாலும் போகவேண்டும், சம்மதமா என்று கேள்வி.

எடுத்த எடுப்பில் சரியென்று சொல்ல நாம் என்ன வழியற்றவர்களா? தட்டை மேசைமேல் வைத்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, நம் குடும்பப் பெருமையில் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை சைவம், தலைக்கு எண்ணெய், கோயில், இதற்கெல்லாம் என்ன ஏற்பாடு என்று கேட்டேன். ஹாஸ்டல் அம்மாள் எந்தக் குடும்பம், கோபக்காரியா என்று விசாரித்தேன். பிள்ளைக்கு இடி இடித்தால் பயம், பக்கத்தில் ஆள் வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். கடைசியில் முறைப்படி, "வீட்டில் கலந்து பேசிவிட்டு நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம்" என்று முடித்தேன். கால் மணி நேரம் மச்சான், மூச்சு விடாமல்! கோகிலா அதை இங்கிலீஷில் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அது எவ்வளவு சிக்கனமான பாஷை பாருங்கள்! மலாய்க்காரத் துவான் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். உடனே மூன்று பேரும் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பழத்தையும் எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தம் முடிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஜனவரியில் ரயில். வழியில் தைப்பிங் ஸ்டேஷனில் நீங்கள் வந்து பிள்ளையை ஒரு பார்வை பார்க்கவும். எனக்கு மனசு நிறைந்திருக்கிறது, ஆனால் கடிதம் வந்ததிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அங்குள்ள பிள்ளைகளை என் சார்பில் தலை தடவிக் கொடுக்கவும். பெரியவனை மட்டும் காதைத் திருகவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் மரியாதையும் மறவாத
பொன்னுதுரை

பின்குறிப்பு: மாமா, இதை எழுதுவது கோகிலா. அப்பா தபாலில் சேர்க்கச் சொன்னார், ஒட்டுமுன் படித்துவிட்டேன். அன்றைக்கு அப்பா பேசியதையெல்லாம் அப்படியே சொல்லியிருந்தால் மல்லிகா அக்கா கதைதான் எனக்கும். அதனால் நான் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவுக்கு முழுச் சம்மதம்." இதைச் சொல்லவா கால் மணி நேரம் என்று அந்த மலாய்க்கார ஐயா கேட்டார். "என்னைப் பிரிந்து ஒருநாள்கூட இருந்ததில்லை, அதனால் அவருக்குச் சரி என்று சொல்ல இவ்வளவு நேரமாகிறது" என்றேன். அதைக் கேட்டுத்தான் மூவரும் எழுந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள்.