கெடு அக்காவும் நிற்காத ஸ்கிரிப்ட்டும்

உலகத்தில் கெடு விதிப்பவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. விதித்த கெடுவை வேண்டுமென்றே மீறிப் பார்த்து, மீறினால் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா என்று சோதித்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது எங்கள் ஜாதகம்.

அலுவலகம் என்றால், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நூல் கடையின் மாடி. கீழே நூல், மேலே மென்பொருள். அந்த மென்பொருளைச் சோதிக்கும் வேலை அவருக்கு. அதற்குக் கையேடு எழுதும் வேலை எனக்கு. என் கையேட்டை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. அந்த வகையில் பத்திரிகையில் இந்தப் பத்தி எழுத அது நல்ல பயிற்சி. அவருக்கு அழகான சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனாலும் முதலாளி முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கெடு அக்காதான்.

முதல் நாள் என்னைப் பற்றி இரண்டு நிமிஷத்தில் சொல்லச் சொன்னார். பிறந்த ஊரில் தொடங்கி, படித்த புத்தகங்கள் வழியாக வந்து, என் இலக்கியக் கொள்கைக்குள் வலது காலை எடுத்து வைத்தபோது எதிர் நாற்காலி காலி. அந்தப் பக்கம் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டே, "உங்க டைம் முடிஞ்சிடுச்சு சார்" என்றார். கோபமெல்லாம் இல்லை. இன்றைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்கிற குரல்.

அவர் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு வாய் சோறு கிடையாது. மேற்குச் சன்னலில் சூரியன் கீழ்க்கம்பிக்கு இறங்கியதும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். சூரியனிடம் யாரும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்க முடியாது என்று சிறு வயதிலேயே பழகியவர், மற்றவர்களும் சூரியனைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

ஒருமுறை ஆட்டோக்காரர், "அஞ்சு நிமிஷம்தான் நிப்பேன், அப்புறம் போய்க்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டார். அக்கா கடைக்குள் போய் வாங்க வேண்டியதை வாங்கி முடித்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தார். ஆட்டோ போய்விட்டது. உச்சி வெயிலில் இரண்டு பைகளோடு நடந்தே வந்து மாடியேறியவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "சொன்னா மாரியே போயிட்டாருப்பா. நம்பிக்கையான ஆளு." அன்றிலிருந்து அந்த ஆட்டோவைத் தவிர வேறெதிலும் ஏறவில்லை.

முதலாளி மகள் கல்யாணத்தில்தான் ஊருக்கே தூக்கிவாரிப் போட்டது. மேடையோரம் போய்ப் புரோகிதரிடம் கேட்டார்: "ஐயரே, ஏழரை வரைக்கும் முகூர்த்தம்னு போட்டிருக்குது. அதுக்குள்ள தாலி ஏறலன்னா என்ன ஆவும்?"

"அப்படி ஆனதே இல்லம்மா."

"அப்ப யாரும் டெஸ்ட் பண்ணலன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தோம். மந்திரத்தில் வேகம் கூடியது. தாலி ஏறியபோது பாதி விருந்தினர் பந்தியில் இட்லியோடு இருந்தார்கள்.

இனி மென்பொருள். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்தது. வீடுகளில் ஓடும் ஒவ்வொரு தறிக்கும் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆள் உண்டு. ஆக்டர் என்று பெயர். அந்த ஆளுக்கு ஒரு தபால் பெட்டி. பாவு நூல் ஏறிவிட்டது, முந்தானை முடிந்தது என்று வரும் தகவல்களை வரிசையாக எடுத்துப் பார்ப்பார். கையில் இருப்பது முடியாமல் அடுத்ததைத் தொட மாட்டார். பட்டுக்கடைக்காரர்கள் தங்கள் வசதிக்கு, முந்தானை முடிந்தால் எனக்குச் சொல் என்பது போலச் சின்னச் சின்னக் கட்டளைகளை, அதாவது ஸ்கிரிப்ட், எழுதி அவரிடம் கொடுக்கலாம். ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் சுற்ற ஆரம்பித்தால் அந்தத் தறி செவிடாகிவிடும். அதனால் ஒரு கெடு: பத்து விநாடியில் முடியாததை நிறுத்திவிட வேண்டும்.

இதை எழுதியவள் பிரேமா. இரண்டு தெரு தள்ளி வீடு, கைக்குழந்தைக்காரி. பெரிய பட்டுக்கடை ஒன்று இந்த மென்பொருளை எடுத்துக்கொண்டால் அலுவலகம் இருக்கும், இல்லாவிட்டால் மாடி மறுபடி நூல் கிடங்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். கிடங்கானால் பிரேமாவுக்குத் தினமும் சென்னை ரயில். குழந்தை எழுவதற்குமுன் கிளம்பி, தூங்கியபின் வர வேண்டும்.

அந்தப் பட்டுக்கடைக்காரர் நேரில் பார்க்க வந்தார். பிரேமா கெடுவைச் சோதித்துக் காட்டினாள். அரை நிமிஷம் தூங்கு என்று சொல்லும் ஸ்கிரிப்ட். பத்தாவது விநாடியில் நின்றது. கடைக்காரர் தலையாட்டினார். முதலாளி கண்ணாலேயே இனிப்பு வாங்க ஆள் அனுப்பினார்.

"தூங்கறவனை நிறுத்தறது பெருசாம்மா?" பின்வரிசையிலிருந்து கெடு அக்கா. "ஆடிக்கினு இருக்கறவனை நிறுத்திக் காட்டு."

"அக்கா, வாணாம்" என்று முதலாளி முடிப்பதற்குள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் தட்டிவிட்டார். ஒன்றைக் கூட்டு, மறுபடி கூட்டு, நிறுத்தாதே.

பத்து விநாடி போனது. ஒரு நிமிஷம் போனது. திரையில் அந்தத் தறி எதற்கும் பதில் சொல்லவில்லை.

"இன்னாமா, தறி செத்துப்போச்சா?" என்றார் கடைக்காரர்.

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்த முறுக்கை மெல்வதா விழுங்குவதா என்று தெரியாமல் நான் அப்படியே வைத்திருந்தேன். அதிர்ச்சி என்ற சொல்லை இத்தனை வருடம் எவ்வளவு மலிவாக எழுதித் தள்ளியிருக்கிறேன் என்று உறைத்தது.

அக்கா ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். "உங்க கடைக்கு வந்து மாட்டிக்கறதுக்கு இங்கியே மாட்டிக்கிச்சு, நல்லதுதான். நீங்க போய் வரதரைச் சேவிச்சிட்டு வாங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க, சரி பண்ணி வைப்போம். அதுக்கு மேல ஆச்சுன்னா நிக்க வேணாம், போய்க்கினே இருங்க."

கடைக்காரரை இதுவரை யாரும் இப்படி விரட்டியதில்லை போலும். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? தப்பு எங்க இருக்குதுன்னாவது சொல்லுங்க."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் உடைக்கறவ. ஒட்டறவ நீதான்."

பிரேமா திரையை முறைத்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்; எங்களுக்கு அது இன்னும் பயமாக இருந்தது. விஷயம் இதுதான். கெடு முடிந்தது, நிறுத்து என்ற தகவலையும் அவள் அதே ஆளின் தபால் பெட்டிக்கே அனுப்பியிருந்தாள். தூங்கும் ஸ்கிரிப்ட் என்றால் ஆளுக்குக் கை ஓய்வு, பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவார். சுற்றும் ஸ்கிரிப்ட் அவரை விட்டால்தானே? ஆக, நிறுத்தச் சொன்ன உத்தரவு, எதை நிறுத்த வேண்டுமோ அது முடியட்டும் என்று வரிசையில் பவ்யமாகக் காத்துக்கொண்டிருந்தது. அரசாங்க அலுவலகங்களில் எனக்கு நேர்ந்த பல விஷயங்கள் அன்றுதான் விளங்கின.

ஸ்கிரிப்ட்டைத் தனியே ஓடவிட்டு, வெளியே வேறொரு காவல் ஆளை நிறுத்தி, கெடு முடிந்தால் அவரே அதை அறுத்துவிடும்படி மாற்றி எழுதினாள். அவள் "இப்ப பாருங்கக்கா" என்றபோதெல்லாம் அக்கா புதுசு புதுசாகச் சுற்றும் ஸ்கிரிப்ட் எழுதி உள்ளே தள்ளினார். எல்லாம் அறுந்தன. சூரியன் கீழ்க்கம்பிக்கு இறங்கி, கம்பியையும் தாண்டிப் போயிற்று. விளக்குப் போட்டோம். கடைக்காரரைக் காணோம்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். கெடு அவர் வைத்தது. நேரம் முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டுப் போகக்கூடிய பெண்மணி. முதலாளி முன்ஜாக்கிரதையாகப் படிக்கட்டின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

கடைக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. "கோயில்ல செம கூட்டம்மா. லேட்டாயிடுச்சு."

"பரவால்ல, உக்காருங்க" என்றார் கெடு அக்கா.

அன்றைய அதிர்ச்சிகளில் பெரியது அதுதான். முதலாளி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கிரிப்ட் சுற்றியது. பத்தாவது விநாடியில் அறுந்தது. தறி அடுத்த தகவலுக்குப் பதில் சொன்னது. கடைக்காரர், "எங்க மச்சான் பேச ஆரம்பிச்சா ஒரே பேஜாரு. அவருக்கு இது மாரி ஒண்ணு வைக்க முடியுமா?" என்று கேட்டார். வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம்.

விளக்கை அணைக்கப் போனபோதுதான் பார்த்தோம். அக்காவின் மேஜையில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது.

"அக்கா, நீங்க சாப்பிடவே இல்லியா?" என்றாள் பிரேமா.

"எனக்கு டைம் முடிஞ்சிடுச்சும்மா. எலுமிச்சை சாதம்தான். எடுத்துக்கினு சீக்கிரம் போ, கொழந்தை முழிச்சிக்கினு இருக்கும்."

அந்த மாடி இன்னும் கிடங்காகவில்லை. பிரேமாதான் இப்போது அங்கே எல்லாம். அக்கா வேலையை விட்டுவிட்டு, வந்தவாசிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் போன் செய்தால் பாதி வாக்கியத்தில் வைத்துவிடுகிறார். அதுவாவது பரவாயில்லை. எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து போக ஆள் இல்லாததால், என் கட்டுரைகள்தான் வாராவாரம் நீண்டுகொண்டே போகின்றன.