விருதுப் படமும் பட்டுச்சீலைப் படமும்

ஹனீபாவின் கடை ரீவியில் அருமைநாயகி மாமி பட்டுச்சீலையோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

அவர் அங்கே நின்றிருக்கக் கூடாது. வாடகைக்குப் போன வீடியோக் கசற் திரும்பி வந்தால் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது ஹனீபாவின் வழக்கம். அந்த ஒரு நிமிடத்தில் வந்திருக்க வேண்டியது இந்தியாவின் ஆகப் பெரிய விருதை வாங்கிய படம். வந்ததோ, கோப்பாயில் இருக்கும் அருமைநாயகியின் கிணற்றடி, அவருடைய பூத்த செவ்வரத்தை, அவருடைய பசு, பின்னணியில் நாதஸ்வரம். மேலேயிருந்து எழுத்துகள் பூவிதழ் மாதிரி உதிர்ந்து "எங்கள் இல்லம்" என்று சேர்ந்தன.

ஹனீபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

"இதுக்கோ தம்பி விருது குடுத்தவங்கள்?"

"இது நான் எடுத்தது, ஹனீபா நானா" என்றான் கசற்றைத் திருப்பிக் கொண்டுவந்த சீவரத்தினம்.

"அதுதானே பார்த்தன். அப்ப என்ரை படம் எங்கை?"

ஹனீபாவின் படம் அந்த நேரம் வெள்ளைத் துணிக்குள் தைக்கப்பட்டு, அரக்கு முத்திரையோடு, ஜேர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

சீவரத்தினம் கோப்பாயில் றேடியோ திருத்துகிறவன். கலியாண வீடுகளில் வீடியோவும் எடுப்பான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம், கேட்காவிட்டாலும் சொல்லுவான். தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம், அந்த விருதுச் செய்தி பேப்பரில் வந்த அன்று, வாசிகசாலையில் நின்று அவன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: அது விருதுக்குத் தகுதியான படம் இல்லை. பேப்பரில் போட்டிருக்கிறபடி ஒரு கிழவி வளவு கூட்டுகிறாள், தண்ணீர் அள்ளுகிறாள், இதற்கு ஒரு விருதா? ஒரு கமராவும் ஒரு பின்னேரமும் தந்தால் இதைவிட நல்ல படம் தானே எடுத்துக் காட்டுவான்.

அதுவரை அவன் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. எதிர்த்துப் பேசிய பத்மாவதி ரீச்சரும் பார்த்திருக்கவில்லை. ஆகவே வாசிகசாலைத் தலைவர் முத்துக்குமாரு, இரண்டு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை பின்னேரம் விவாதம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டார். தோற்றவர் இனிமேல் வாசிகசாலையில் சினிமாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

படம் கிடைத்தது காற்றின் தயவால். இந்தியத் தொலைக்காட்சி அலை நேராகப் போகிற அலை. கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வர அதற்குக் கடமை இல்லை. ஆனால் காற்று ஓய்ந்த வெயில் நாட்களில் கடலுக்கு மேலே குளிர்ந்த காற்று கீழும் சூடான காற்று மேலுமாகப் படுத்துவிடும். அலை மேலே தப்பிப் போக முடியாமல், குழாய்க்குள் போகும் தண்ணீர் மாதிரி, கடலோடு ஒட்டி ஊர்ந்து வந்து நாற்பது அடி இரும்புக் குழாயின் நுனியில் கட்டிய அன்ரனாவில் ஏறும். அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் ஏறிய படத்தைத்தான் ஹனீபா கசற்றில் பிடித்து வைத்திருந்தார். திரை முழுக்க வெள்ளைப் பொரி கொட்டிக்கொண்டிருந்தது. அலை இரண்டு வழியால் வந்து சேர்ந்ததால் படத்தில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொருவர் நடந்தார். பாஷையும் என்ன பாஷை என்று தெரியவில்லை.

அந்தக் கசற்றை வாசிகசாலைக்காரர் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருமைநாயகி வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். அவரிடம் ரீவியும் கசற் ஓட்டும் டெக்கும் இருந்தன. நான்கு வருடத்துக்கு முன் மகன் ஞானசீலன் ஜேர்மனியிலிருந்து அனுப்பியவை. அவன் அனுப்பாதது கடிதம்தான். பதினாலு மாதமாக ஒரு வரி இல்லை. சுகமாக இருக்கிறான் என்று வேறு ஆட்கள் வழியாகத் தெரியும். சும்மா எழுதவில்லை.

அதற்காகத்தான் சீவரத்தினம் அந்த ஞாயிற்றுக்கு முதலே அவருடைய வீட்டைப் படம் எடுத்திருந்தான். ஒரு பின்னேரம் என்று தொடங்கியது மூன்று நாள் ஆனது. மாமியைப் பட்டுச்சீலை உடுத்தச் சொல்லி, செவ்வரத்தைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, "சிரியுங்கோ மாமி, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சி எடுத்தான். "இதைப் பார்த்தால் ஞானசீலன் அடுத்த தபாலிலை எழுதுவான்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். ஜேர்மனியின் ரீவியும் நம்முடைய ரீவியும் ஒரே முறையில் ஓடுபவை, கனடாவென்றால் இந்தக் கசற் ஓடாது என்பதையும் அவன் அரைமணி நேரம் விளக்கினான். மாமி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

ஞாயிறு மத்தியானம் விருதுப் படம் ஓடத் தொடங்கிப் பதினைந்தாவது நிமிடம் முத்துக்குமாரு கண்ணயர்ந்து சரிந்தார். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது, உள்ளே திரையும் வெள்ளையாகப் பொரிந்தது. பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக அந்த வெள்ளைக்குள் இறங்கிப் போனார்கள். சீவரத்தினம் ஒரு ஓடத்தில் போவதாகக் கனவு கண்டான். கண் விழித்தபோது படம் முடிந்து பொரி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பத்மாவதி ரீச்சர், தான் தூங்கவில்லை, கண்ணை மூடிச் சிந்தித்ததாகச் சொன்னார். அருமைநாயகி மட்டும் கதவு நிலையில் சாய்ந்தபடி விழித்திருந்தார். கண் சிவந்திருந்தது. பொரியைப் பார்த்துக் கண் எரிகிறது என்றார்.

ரீவிக்கு மேலே ஒரே மாதிரி இரண்டு கறுப்புக் கசற். இரண்டிலும் பெயர் ஒட்டவில்லை. திங்கட்கிழமை விடிய மாமி ஒன்றைத் துணியில் சுற்றித் தைத்து வைத்திருந்தார். சீவரத்தினம் அரக்கு உருக்கி ஊற்றி, மேலே தன் பெயரையும் 'வீட்டுப் படம்' என்பதையும் எழுதி, கோப்பாய்த் தபாற்கந்தோரில் கொடுத்தான்.

இப்போது செவ்வாய்க்கிழமை.

ஹனீபாவின் கடையிலிருந்து அவன் சைக்கிளை மிதித்துப் பெரிய தபாற்கந்தோருக்குப் போனான். வெளிநாட்டுப் பார்சல் பகுதியில் இருந்த யசிந்தா, பை நேற்று இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போய்விட்டது என்றார். அவன் பத்து நிமிடம் நடந்ததை விளக்கினான். தைத்து முத்திரை வைத்த பார்சல் விலாசத்தில் இருக்கிறவருக்குச் சொந்தம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அப்படியானால் ஒரு தந்தி அடிக்கலாமா என்று கேட்டான். "பார்சலில் வருவது உன் தாய் இல்லை" என்று எழுதினால் போதும்.

யசிந்தா பேனையை மூடினார். "ஊரிலையிருந்து தந்தி வந்தால் பிரிக்க முதலே அழுவினம். அதிலை 'தாய் இல்லை' எண்டும் எழுதப் போறியளோ?"

அவன் தந்தியை விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினான். பட்டுச்சீலைக் கசற்றை எடுத்து இன்றைக்கே தபாலில் போட்டால், ஒரு நாள் பிந்தினாலும் சரியான படம் போய்ச் சேரும். ஆனால் ஹனீபா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். விருதுப் படம் வரும்வரை அது ஈடு. அந்தப் படத்தைக் கேட்டு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சீவரத்தினம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் ஹனீபா கொஞ்சம் இரங்கி, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்தது. காற்று ஓய்ந்தது. அலை ஊர்ந்து வந்தது. இந்தியத் தொலைக்காட்சியில் இன்னொரு விருதுப் படம். கடையில் வெறும் கசற் ஒன்றும் இல்லை.

"ஏழு பேர் கேட்டவங்கள், தம்பி" என்றார் ஹனீபா திங்கட்கிழமை. "ஏதோ ஒரு விருதுப் படம் குடுக்கத்தானே வேணும்."

அவன் அந்தக் கசற்றை ஓட்டிப் பார்த்தான். வெள்ளைப் பொரிக்குள் யாரோ ஒரு மனிதர் மாட்டுவண்டியில் போய்க்கொண்டே இருந்தார். கடைசி மூன்று நிமிடம் மட்டும் பழையது தப்பியிருந்தது. மாமியின் பசு திரும்பிப் பார்த்தது.

இனி ஒரே வழி, மறுபடி எடுப்பது. அவன் கமராவோடு போய், மாமியிடம் உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல், படத்தில் நிறம் சரியில்லை, இன்னொரு முறை எடுத்து அனுப்புவோம் என்று சொன்னான். மாமி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தம்பி. அனுப்பினது காணும்."

அந்தக் குரலில் ஒரு சந்தேகமும் இல்லாதது அவனை இன்னும் வருத்தியது. பாவம், மனுசி எவ்வளவு நம்பியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விவாதம் வேறு நெருங்கியது. படம் இல்லை; படத்தின் முழுக் கதையும் அவனுக்குத் தெரியாது. தெரியாத படத்தை எப்படி அடித்து வீழ்த்துவது? முழுக்கப் பார்த்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவன் வெட்கத்தை விட்டு மாமியிடமே கேட்டான். அவர் மிளகாயைக் கிளறியபடி, குரலை உயர்த்தாமல், படத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை சொன்னார். பாஷை தெரியாத படத்தில் இவ்வளவு எப்படி விளங்கியது என்று அவன் அதிசயப்பட்டான்.

வாசிகசாலையில் இருபத்துமூன்று பேர் கூடியிருந்தார்கள். சீவரத்தினத்தின் திட்டம் சுருக்கமானது: படத்தில் நடப்பதை அப்படியே சொல்வது, சொல்லி முடித்ததும், "இதற்கா விருது?" என்று கேட்பது.

ஆற்றங்கரையில் ஒரு வீடு, அதில் ஒரு கிழவி என்று தொடங்கினான். விடிய வளவு கூட்டுகிறாள். தண்ணீர் அள்ளுகிறாள். இரண்டு பேருக்குச் சோறு வைக்கிறாள். பிறகு வாசல் படலைக்குப் போய்க் கொழுக்கியில் கை வைக்கிறாள். திறக்காமல் திரும்பி வருகிறாள்.

இந்த இடத்தில் அவனால் விளக்காமல் இருக்க முடியவில்லை. ஏன் திறக்கவில்லை? படலை மரப்படலை. மழை ஈரத்தில் மரம் ஊறி உப்பும். ஊறிய படலை திறந்தால் கிரீச்சிடும். சத்தம் கேட்டால் நாய் குரைக்கும். நாய் குரைத்தால் பக்கத்து வளவுக்காரருக்குத் தெரிந்துவிடும், இவள் இன்றைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று. அதனால்தான் கையை வைத்துவிட்டு எடுக்கிறாள்.

வெளியே வேப்பமரத்தின் நிழல் நீண்டு யன்னல் வழியாக உள்ளே வந்து எல்லோருடைய மடியிலும் கிடந்தது. சீவரத்தினம் தொடர்ந்தான். மற்றவருக்கு வைத்த சோற்றுக்கு அவள் தண்ணீர் ஊற்றுகிறாள். காலையில் அந்தப் பழஞ்சோற்றைத் தானே சாப்பிடுகிறாள். அதாவது காலையில் அவள் ஒருநாளும் புதுச்சோறு சாப்பிட்டதில்லை. இதைப் படத்தில் ஒருவரும் சொல்வதில்லை, நாங்கள்தான் கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றில் ஒரு ஓடம் வருகிறது. நிற்காமல் போகிறது. கடைசி நாள் அவள் படலையைச் சத்தம் கேட்கத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறாள்.

"அவ்வளவுதான் படம்" என்றான். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

முத்துக்குமாரு சால்வையால் முகத்தைத் துடைத்தார். பத்மாவதி ரீச்சர், தான் சொல்ல வந்ததை எதிரணி சொல்லிவிட்டதால் பேச ஒன்றும் இல்லை என்றார். வாக்கெடுப்பில் விருது தகுதியானது என்று இருபத்துமூன்று கைகள் உயர்ந்தன. இருபத்துநாலாவது கை யாருடையது என்று தலைவர் தேடிப் பார்த்தார். அது சீவரத்தினத்தினுடையது.

சித்திரையில் கடிதம் வந்தது. மாமி கூப்பிட்டனுப்பினார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதென்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனான். மாமி பிய்ந்த தலையணை உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். வாசியும் தம்பி என்று கடிதத்தைக் கையில் கொடுத்தார். ஐந்து பக்கம்.

"அம்மா, படம் கிடைச்சுது. மூண்டு தரம் பார்த்தன். ஏன் இவ்வளவு இளைச்சுப் போனியள்? கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை, சத்தம் சரியில்லையெண்டு சீவரத்தினம் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ. பின்வளவிலை அவ்வளவு வெள்ளம் நிக்குது, வாய்க்கால் வெட்டிவிட ஊரிலை ஒருத்தரும் இல்லையோ? படலையடியிலை போய் நிக்காதேங்கோ அம்மா. இனி மாசம் ஒரு கடிதம் போடுவன்."

படத்தின் ஆற்றைப் பின்வளவு வெள்ளம் என்று நம்புகிற அளவுக்கு ஞானசீலன் அழுதிருக்கிறான். சீவரத்தினம் கடிதத்தை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"மாமி, அது நீங்கள் இல்லை. பிழை என்னிலைதான். நான் பெயர் ஒட்டேல்லை, கசற் மாறிப் போச்சுது..."

மாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தைக்கேக்கை நான்தான் தம்பி பார்த்து எடுத்து வைச்சனான், உம்மடை படத்திலை நான் பட்டுச்சீலையோடை சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன், அதைப் பார்த்தால் அவன் ஏன் எழுதப் போறான்?"