இருபத்து மூன்றாம் நம்பர்

பௌர்ணமிக்கு மறுநாள் தல்ஹா வயலுக்கு வந்தபோது, இருபத்து மூன்றாம் நம்பர் வரிசையில் மூன்று கதிர்களைக் காணோம். கிரிவலம் வந்த யாரோ ஒடித்துத் தின்றுவிட்டு, சக்கையை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அடி அண்ணாமலையில் ஒரு விதைக் கம்பெனியின் சோதனை வயல் அது. நாற்பது வரிசை மக்காச்சோளம், வரிசைக்குப் பத்துச் செடி. ஒவ்வொன்றும் தன் மகரந்தத்தையே தனக்கு ஏற்றி ஏழு தலைமுறை வளர்த்த சவலை. பூத்த பிறகு தண்ணீர் கிடையாது. எது காயாமல் நிற்கிறதோ அதுதான் புது வீரிய ரகத்துக்குத் தாய்.

அந்தத் தாயைக் கண்டுபிடித்தால் தல்ஹாவின் வேலை நிரந்தரம். மூன்று வருடமாக மேனேஜர் பாடும் பாட்டு இது.

கிரிவலப் பாதையை ஒட்டியிருந்த அந்த இருபத்து மூன்றாம் வரிசைக்கு, "பறிக்காதீர்" என்று போர்டு வைத்தான். படிக்க நின்றவர்கள் இன்னும் இரண்டு ஒடித்தார்கள். "விஷ மருந்து அடித்தது" என்று மாற்றி எழுதினான்.

"பக்தருங்க போற வழியில வெஷமா?" என்று அன்னதானக்காரர் ஒருவர் கத்த, கூட்டம் கூடிவிட்டது. போர்டை அவனே பிடுங்கிப் போட்டான்.

களையெடுக்கும் வள்ளிதான் வழி சொன்னாள். "ஒரு கல்ல நட்டு மஞ்ச பூசிட்டா எவன் சார் கைய வெப்பான்?"

"என்னமோ பண்ணுக்கா. கதிர் போவக்கூடாது, அவ்ளோதான்."

மறுநாள் அந்த வரிசையின் முனையில் கல் நின்றது. அதன்பிறகு ஒரு கதிர் போகவில்லை. கும்பிட வந்தவர்கள் மிதித்ததில் பக்கத்து வரிசைதான் செத்தது. வள்ளி அவனுக்கு முன்னால், விடியும்போதே வயலில் இருப்பாள். நல்ல உழைப்பாளி என்று மெச்சிக்கொண்டான்.

தண்ணீர் நிறுத்திய நாற்பது நாளில் வயலே சருகானது. இருபத்து மூன்று மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. தல்ஹாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் இளஞ்செழியன் வேங்கிக்கால் ஆபீசிலிருந்து காரில் வந்து இறங்கினார்.

"நான் அப்பவே சொல்லல?" என்றார். சொல்லவே இல்லை. "மத்ததெல்லாம் அறுத்து மாட்டுக்குப் போட்டுடு. விதைகூட வேணாம். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடு, உன் ஆர்டர் வந்துடும்."

மதியத்துக்குள் மூன்று வருட உழைப்பு டிராக்டர் ஏறி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. ரிப்போர்ட்டும் போனது. தல்ஹா வீட்டுக்குப் போன் போட்டு, "பர்மனென்ட் ஆயிடுச்சும்மா" என்றான்.

வள்ளி அரிவாளைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அறுப்பு முடிஞ்சிடுச்சு, நாளைலேர்ந்து நான் வரல சார். அந்தக் கல்லுக்குத் தெனம் விடிகாலைல ரெண்டு கொடம் தண்ணி ஊத்தினு இருந்தேன், இனிமே அதுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."