ஸ்டேட்டஸ் பார்த்து ஏறிய ஜீப்

தாண்டிக்குடி மலை ரோட்டில் மற்ற ஜீப்புகளில் டயரைப் பார்த்து ஏறுவோம். ஸ்டேட்டஸ்காரர் ஜீப்பில் மட்டும் செல்போனைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவோம். டிரைவருடைய மனக்கவலையைப் படித்துவிட்டுப் பயணம் போன ஜனம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. பேஸ்புக்கில் தினமும் முருகன் படம் போட்டு 'அனைவரும் நலம்' என்பார், அது சொந்தக்காரர்களுக்கு. இன்ஸ்டாகிராமில் டூரிஸ்ட் பிள்ளைகளோடு கூலிங்கிளாஸ் மாட்டி ஆடுவார், அது சவாரிக்கு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும்தான் அழுவார். 'மனசு உடைஞ்சவனுக்கு வளைவு எது, நேர் ரோடு எது' என்று ஒரு காலையில் போட்டார். அன்றைக்கு என் தையல் கடைக்கு நடந்தே போனேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பயப்படுவதில் பெரிய படிப்பு படித்தவன். ஜீப் உருண்டால் போலீஸில் காட்ட ஆதாரம் வேண்டுமே என்று அவர் ஸ்டேட்டஸையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். உருண்டால் நானும் உள்ளேதான் இருப்பேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்த அழுகையெல்லாம் திருப்பூரில் இருந்த மகளுக்காக. அவள் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போனபோது, வாசலில் நின்று சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. போன் பண்ண ரோஷம் விடவில்லை. டவர் நன்றாகக் கிடைக்கிற தண்ணீர்த்தொட்டி வளைவில் ஜீப்பை நிறுத்தி, ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பார்.

"வண்டிய எடுங்கண்ணே, தலைக்கு மேல சோலி கெடக்கு" என்பார் காப்பிப்பழம் பறிக்கப் போகும் பாப்பாத்தியக்கா.

"இருத்தா. பிள்ள பாத்துருச்சான்னு பாத்துட்டு வெரசா எடுத்துர்றேன்."

"நாங்க பதினாலு பேரு பாத்துட்டமே, பத்தாதா?"

"நீங்க பாத்து? ஒங்களயா நான் பெத்தேன்?"

ஒருநாள் செல்போன் கடையில் விசாரித்தேன். மகள் தன் போனில் அவர் நம்பரை வைத்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் அவளுக்குப் போகுமாம். அழித்திருந்தால் போகவே போகாதாம். இதை அவரிடம் சொன்னால் அந்த வளைவிலேயே ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து, ஒன்றரை வருஷம் வாயைத் திறக்கவில்லை. 'ஒரு போன் போட்டுத்தான் பேசுங்களேண்ணே' என்றாவது சொல்லியிருக்கலாம்.

கடைசி மாதங்களில் தத்துவமெல்லாம் நின்றுபோனது. 'சாப்பிட்டியா தாயி' என்று மட்டும் தினமும் போட்டார்.

ஒரு காலையில் அதுவும் இல்லை. மனுஷனுக்கு மனசு தேறிவிட்டது என்று நிம்மதியாக ஸ்டாண்டுக்குப் போனேன். ஜீப் நின்றது. அவர் இல்லை. வெள்ளனே நெஞ்சுவலி வந்து போய்விட்டார் என்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மகள் என் கடைக்கு வந்தாள்.

"ஒங்க கூடத்தான தெனமும் வருவாரு. என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

ஸ்டேட்டஸ் ஒரு நாளில் அழிந்துபோகிற எழுத்து. போலீஸுக்காக வைத்திருந்ததை அவளிடம் நீட்டினேன். மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்தாள்.

"நம்பர அழிச்சுட்டேண்ணே" என்றாள். திரும்பவும் முதலிலிருந்து தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எனக்கு அனுப்பிவிடுங்க" என்றாள். அவள் நம்பரை நானும் என் நம்பரை அவளும் பதிந்துகொண்டோம்.

மறுநாள் அவள் ஸ்டேட்டஸில், 'சாப்பிட்டேன்ப்பா' என்று இருந்தது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது வேறு ஜீப்பில் போகிறேன். தண்ணீர்த்தொட்டி வளைவில் அது நிற்பதே இல்லை. எனக்குத்தான், கொஞ்சம் நிறுத்தினால் தேவலை என்றிருக்கிறது.