தவிட்டான் தூங்காத ராத்திரி

"பிள்ளைக்குத் தகப்பன் யாருப்பா?"

"நான் இல்லீங்க" என்றான் கன்னையன்.

அட்மிஷன் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பொன்னுமணி பேனாவை நிறுத்தினாள். எதிரே நிற்கிறவனைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் நின்றவளின் இடுப்பில் இருந்த ஏழு மாதப் பிள்ளையைப் பார்த்தாள். அதே சப்பை மூக்கு, அதே விடைத்த காது.

"உரிச்சு வச்சாப்ல இருக்கு. இல்லேங்கிறே?"

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாக."

"பிள்ளை பேரு?"

"தவிட்டான்."

பொன்னுமணி பெருமூச்சு விட்டாள்.

கன்னையன் வேண்டுமென்று பொய் சொல்கிற ஆள் இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவனும் பெண்டாட்டி சந்திரவல்லியும் கூலிகள். முதல் பிள்ளை தூளியில் தூங்கியது தூங்கியதுதான். களை வெட்டி முடித்து வந்து தொட்டபோது சில்லென்று கிடந்தது. இரண்டாவது பெண். சந்திரவல்லியின் கைமேல் தலைவைத்துப் படுத்தது, விடிந்து எழுப்பினால் எழவில்லை. இரண்டையும் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், செடி வைக்காத மேட்டில் புதைத்தார்கள்.

மூன்றாவது பிறந்ததும் லயத்துச் சனம் கூடிப் பேசியது. எமன் இந்த வீட்டுப் பிள்ளையைத்தான் மோப்பம் பிடிக்கிறான், பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று முடிவானது. அடுத்த வீட்டு ஜக்கம்மாள் ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கினாள். வாங்கிய கையோடு திருப்பியும் கொடுத்தாள்.

"கூலிக்கு வளத்துக் குடுங்க. ஆனா வாய் தவறிக்கூட எம்பிள்ளைன்னு சொல்லிப்பிடாதீக. அவன் காதுல விழுந்துரும்."

இப்போது இதுவும் தூக்கத்தில் உதடு நீலம் பாரித்தது. எஸ்டேட் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "கீழ கொண்டுபோங்க, வெரசா" என்றார். காய் மூட்டை ஏற்றிய ஜீப்பில், மூட்டைமேல் உட்கார்ந்து போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருந்தார்கள்.

"சரி, தாய் யாரு?" என்றாள் பொன்னுமணி.

சந்திரவல்லி முந்திக்கொண்டாள். "ஜக்கம்மாங்க. மேல தோட்டத்துல இருக்கா. நான் கூலிக்கு வளக்குறவ."

"பால் குடுக்கிறது?"

"அதுவும் கூலியில சேத்திதாங்க."

"கையெழுத்துப் போட உரியவுக யாராச்சும் வேணுமே."

கன்னையன் தலையைச் சொறிந்தான். "அப்ப நான் சித்தப்பன்னு எழுதிக்கங்க."

"இப்பத்தானே இல்லேன்னே?"

"தகப்பன் இல்லேன்னுதாங்க சொன்னேன்."

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டாள். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"முழிச்சிருக்கும்போது ஒண்ணும் தெரியலை. தூங்கும்போதுதான் பாக்கணும். இன்னைக்கு ராத்திரி இங்க தூங்கட்டும், சிஸ்டர் பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ணுவாங்க. எப்ப நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். தூங்க வைங்க."

"அது ஒரு சோலியாங்க?" என்று சிரித்தான் கன்னையன்.

விளக்கு வைத்தார்கள். சந்திரவல்லி கட்டிலில் சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் கிடத்தி, மேலே போர்வையைப் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்குக் கண் சொருகியது. பொன்னுமணி கைக்கடிகாரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிள்ளை வீல் என்று அலறியது.

கொஞ்சநேரத்தில் மறுபடி கண் சொருகியது. மறுபடி வீல்.

"இடம் புதுசுல்ல" என்றான் கன்னையன். "தூளி கட்டிட்டா தூங்கிரும்."

சந்திரவல்லியின் மாற்றுச்சேலையை எடுத்து ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினான். மறுமுனைக்கு இடம் தேடியபோது பக்கத்துக் கட்டிலில் வாட்டமாக ஓர் இரும்புச் சட்டம் தெரிந்தது. அந்தக் கட்டில்காரன் மொக்கச்சாமியின் முறிந்த காலைத் தொங்கவிட்டிருந்த சட்டம் அது. பிள்ளையைப் போட்டு ஆட்டியதும் தூளியோடு காலும் ஆடியது.

"அடேய்! எங்காலைத் தாலாட்டுறாண்டா! யாராச்சும் வாங்கடா!"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. தூளியை அவிழ்த்து முடிப்பதற்குள் பொன்னுமணியிடம் கன்னையன் வாங்கிய பேச்சுக்குக் கணக்கில்லை. பிள்ளை மறுபடி சந்திரவல்லி மடிக்குப் போனது. கண் சொருகியது. அலறியது.

"அம்மா, எங்க வீடு காய் உலர்த்துற ஸ்டோருக்கு ஒட்டுனாப்ல. அந்தப் புகை வாசம் இல்லாம இதுக்குத் தூக்கம் பிடிக்காது. இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கன்னையன் வெளியே ஓடினான்.

ஏலக்காய்க் கடைத்தெருவில் குப்பையைக் கிளறி மடி நிறையக் காய் உடைத்த தோடு அள்ளிவந்தான். தேங்காய்ச் சிரட்டையில் போட்டுப் பற்றவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். நனைந்த தோடு. புகை என்றால் அப்படி ஒரு புகை. மூச்சிழுப்புக்கு வந்திருந்த ஒரு பெரியவர் கையும் காலுமாகத் தவழ்ந்து வராந்தாவுக்குப் போனார். வாட்ச்மேன் ராக்கையா தீப்பிடித்துவிட்டதென்று ஒரு வாளித் தண்ணீரோடு பாய்ந்து வந்து, புகைக்குள் தெரிந்த உருவத்தின்மேல் கொட்டினான். அது பொன்னுமணி.

புகை அடங்கியபோது கூட்டுகிற ஆயா சுந்தரம்மாள் சாம்பலையும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டிருந்தாள். பொன்னுமணி ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"ஏ ராக்கையா" என்றான் மொக்கச்சாமி. "தகப்பன் இல்லேங்கிறான். அவ கூலிங்கிறா. இதுக பிள்ளை பிடிக்கிற கூட்டம்யா. தோதா தூக்கிட்டு வந்திருக்குக."

ராக்கையா போய்ப் போலீஸ்காரரைக் கூட்டிவந்தான். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த கோபம் அவர் முகத்தில் இருந்தது.

"பிள்ளை யாருது? ஒரே வார்த்தை. உன்னுதுன்னா நான் பாட்டுக்குப் போறேன். இல்லேன்னா ஸ்டேஷனுக்கு நட."

கன்னையன் பிள்ளையைப் பார்த்தான். ஆளில்லாத ஓடைக்கரையில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போதுகூட வாய்க்குள்ளேயே விழுங்கிய வார்த்தை அது. சந்திரவல்லி அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டாக இருந்தது. அந்த இருட்டில் யார் நின்று கேட்கிறார்களோ, யார் கண்டது?

"ஐயா" என்றான் கைகூப்பி. "உங்களுதுன்னே வச்சுக்கங்க."

வார்டு சிரித்தது. கால் வலியை மறந்து மொக்கச்சாமியும் சிரித்தான்.

"அட எடுபட்ட பயலே! எம்பொண்டாட்டி காதுக்குப் போனா என்னடா ஆகும்?" என்று லத்தியை ஓங்கினார் போலீஸ்காரர்.

பொன்னுமணி குறுக்கே வந்தாள். "அடிக்காதீங்க சார். விடியட்டும். டாக்டரம்மா வந்து என்ன சொல்றாங்களோ அப்படிச் செய்யலாம்."

அவர் வாசல் பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே குறட்டை. அன்று ராத்திரி அந்த வார்டில் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

கன்னையன் பாடிப் பார்த்தான். தோளில் போட்டு வராந்தாவில் நடந்தும் பார்த்தான். அவன் தோளில் பிள்ளை துவண்டு விழும்போதெல்லாம், "கொண்டாய்யா, நான் கிடத்துறேன்" என்று சந்திரவல்லி வாங்கிக்கொள்வாள். மடியில் விழுந்ததும் அலறல். கடைசியில் அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "தூங்கு சாமி, ஒரே ஒரு தடவை தூங்கு. டாக்டரம்மா பாக்கணுமாம்" என்று பிள்ளையைக் கும்பிட்டு அழுதான். சந்திரவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடிந்ததும் டாக்டரம்மா வந்தாள். பொன்னுமணி வெறும் சீட்டை நீட்டினாள்.

"பொட்டுத் தூக்கம் இல்லை டாக்டர். கண்ணை மூடும், உடனே கத்தும்."

"அசந்துபோய்க் கிடக்கிற பிள்ளை எப்படித் தூங்காம இருக்கும்?"

டாக்டரம்மா குனிந்து போர்வையை விலக்கினாள். பிள்ளையின் தொடையிலும் உள்ளங்காலிலும் சிவப்புச் சிவப்பாக நகக்குறிகள். சில கன்றிப்போயிருந்தன.

"யாரு கிள்ளினது?"

சந்திரவல்லி விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கன்னையன் அவளையே பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் மொக்கச்சாமி. போலீஸ்காரர் எழுந்து வந்து தொப்பியை மாட்டினார்.

"சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் டாக்டரம்மா. "கூலிக்கு வளக்குறவ புத்தியைக் காட்டிட்டேல்ல? ராத்திரி பூரா ஒரு பச்சைப்பிள்ளையைக் கிள்ளிக் கிள்ளி எழுப்பியிருக்கே. பெத்தவளா இருந்தா இதுக்கு மனசு வருமா?"

கட்டிலுக்கு அடியில் ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்த சுந்தரம்மாள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"கூலிக்காரியா இருந்தா அதைத் தூங்கவிட்டுட்டுத் தானும் தூங்கியிருப்பா டாக்டரம்மா. இவதான் பெத்தவ."