குழந்தைவேலின் கத்திரியும் பஞ்சவர்ணக்கிளியும்

ஜெயங்கொண்டம் கடைவீதியில் குழந்தைவேல் டெய்லரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், கத்திரியை மட்டும் கேட்கக் கூடாது. துணி வெட்டும் கத்திரி காகிதத்தைத் தொட்டால் கூர் போய்விடும், சாணை பிடித்தாலும் பழைய கூர் திரும்பாது என்பது அவர் கட்சி. பால் பாக்கெட்டின் மூலையை வெட்ட ஒருமுறை மனைவி மேகலா அதைக் கேட்டாள். பல்லால் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மேகலா பால்வாடி டீச்சர். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் பஞ்சவர்ணக்கிளி செய்யச் சொல்லித்தர வேண்டும். மூன்று வயசுப் பிள்ளைகள் கையில் கத்திரி கொடுக்க முடியுமா? உடம்பு, இறக்கை, வால், மூக்கு என்று கலர் காகிதத்தில் பெரியவர்கள் வெட்டித் தந்தால் அவர்கள் பசை தடவி ஒட்டுவார்கள். பால்வாடிக் கத்திரியோ வாழைப்பழத்தையே யோசித்துத்தான் வெட்டும். புருஷனிடம் கேட்டாள். அவர் தொழில் தர்மம் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினார். மேகலா முழுக்கக் கேட்டு, "சரிங்க," என்றாள். அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் டிவிக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒரு காகிதக் கிளி உட்கார்ந்திருந்தது. இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நறுக்கியிருந்தது.

"யாரு வெட்டுனது?" என்றார்.

"ராஜராஜன் அண்ணன் கடைக்குப் போயிட்டு வந்தேங்க," என்றாள் மேகலா. கிளியைத் திருப்பிப் பார்த்து, "என்ன நெளிவு பாருங்க," என்று பெருமூச்சு விட்டாள்.

ராஜராஜன் எதிர்க்கடை டெய்லர். கடைவீதியின் பாதி ஜாக்கெட்டுகள் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டன. இப்போது வீட்டுப் பெருமூச்சும் போகிறது. குழந்தைவேல் கிளியை வாங்கிப் புரட்டினார். இறக்கை கோணல் என்று குறை சொல்லிப் பார்த்தார்.

"கேட்டா செய்யறதுக்கும் ஒரு மனசு வேணும்லங்க," என்றாள் அவள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

சோறு இறங்கவில்லை. விடிந்ததும் கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கத்திரியை எடுத்துக் கலர் காகிதத்தில் வைத்தார். ராஜராஜன் இறக்கையில் ஏழெட்டு இறகு இருந்தால் இவர் இறக்கையில் பதினைந்து. கைப்பழக்கம், தையலுக்கு அரை இஞ்சு விட்டே வெட்டினார்.

வெட்டிய துண்டுகளையெல்லாம் வெள்ளிக்கிழமை பால்வாடிக்குத் தானே தூக்கிக்கொண்டு போனார். ஒரு சிறுமி வாலை எடுத்துக் கிளியின் நெற்றியில் ஒட்டி, கொண்டை என்றாள். ஒரு பொடியன் இவர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பில் பசை தடவினான். குழந்தைவேல் எதையும் கவனிக்கவில்லை. மேகலா பெருமூச்சு விடுகிறாளா என்று மட்டும் பார்த்தார். விட்டாள். உச்சி குளிர்ந்துபோனது.

அந்தக் குளிர்ச்சியோடு, இருந்ததில் நல்ல கிளியாக ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே ராஜராஜன் கடை ஏறினார்.

"நீங்களா வெட்டுனீங்க?" ராஜராஜன் கிளியைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்த்தார். "டீச்சர் எங்கிட்டயும் வந்து கேட்டாங்க. துணி வெட்டுற கத்திரிலயா காகிதத்த வெட்டுறதுன்னு கையெடுத்துக் கும்புட்டு அனுப்பிட்டேன்."

துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். குழந்தைவேல் தன் கடைக்கு ஓடி ஜாக்கெட் துணியில் கத்திரியை வைத்துப் பார்த்தார். துணி வெட்டுப்படவில்லை, மடங்கி உள்ளே போய் மாட்டிக்கொண்டது.

கத்திரியும் கையுமாக வீட்டுக்கு வந்தார். "அப்ப அந்தக் கிளிய யாரு வெட்டுனது?"

"நாந்தான், பிளேடு வச்சு," என்று மேகலா விரலில் இருந்த பிளாஸ்திரியைக் காட்டினாள்.

"ராஜராஜன்னு சொன்னியே."

"கடைக்குப் போயிட்டு வந்தேன்னுதானே சொன்னேன். போனேன், இல்லைன்னுட்டாரு, வந்துட்டேன்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கத்திரியை நீட்டி, "இனிமே துணில ஏறாது. இது எதுக்காவும், சொல்லு?" என்றார்.

மேகலா அதை வாங்கி, விரலை மாட்டி இரண்டு தரம் காற்றை வெட்டிப் பார்த்துவிட்டு, தன் பால்வாடிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"காகிதத்துக்கு ஆவுங்க. அடுத்த வாரம் மயிலு."