பதினோரு மணி ஆடியோ

காதுக்குள் பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் சட்டென்று நின்றுபோனார். அடுத்த நொடி அதே குரல் தையல் பகுதியின் நடுவே முதலாளி வாங்கி மாட்டியிருந்த புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டது.

"டபிள்யூ... ஹெச்... ஐ... டபுள் டி..."

சித்ரகலா எழுதிக்கொண்டிருந்த நோட்டைப் பட்டென்று மூடினாள். போன வாரம் பாட்டுப் போடுவதற்காகத் தன் போனை அந்த ஸ்பீக்கரோடு இணைத்திருந்தாள். பாவி, இன்றைக்குத் தானாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது!

அந்தப் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவள். சனிக்கிழமை அவளுக்கு ஆங்கிலப் பரீட்சை. தேறினால்தான் அயர்லாந்தில் படிக்க இடம். காதில் விழுவதெல்லாம் புரியும். எழுதும்போதுதான் ஓர் எழுத்து கூடும், இல்லாவிட்டால் ஒன்று காணாமல் போகும். ஓர் எழுத்து பிசகினாலும் மார்க் கிடையாது. இரண்டு தடவை இப்படியே கோட்டை விட்டிருந்தாள். அதனால் பயிற்சி வகுப்பிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு எல்லோருக்கும் வரும் ஆடியோவை, துப்பட்டாவுக்குள் ஒளித்த, அடிக்கடி சார்ஜ் தீர்ந்து நின்றுபோகும் இயர்போனில் கேட்டு, நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினாள்.

முதலாளி சிவராஜுக்குத் தெரிந்தால் தொலைந்தாள். அவளோடு வேலை பார்த்த கதிர்வேல் பாஸ்போர்ட் எடுத்தது தெரிந்த அன்றே, "போறவனுக்கு இங்கென்னங்க வேலை?" என்று வெளியே அனுப்பியவர் அவர். வேலையும் போய்ப் பரீட்சையும் போனால், சோமனூரில் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

முதலாளியின் கண்ணாடி அறைக்கதவு சாத்தியிருந்தது. டீக்கார பழனாயி மட்டும் டம்ளரோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

சித்ரகலா போனை அணைத்தாள்.

குரல் இன்னும் உரக்கக் கேட்டது.

"என்னங்கக்கா, இன்னைக்கு இங்கிலீஷ் பாட்டா?" என்று ஒரு தையல்காரி சிரித்தாள்.

"ஆ... ஆமாங்க."

அவசரத்தில் போன் நழுவி, அயர்ன் டேபிள் அருகே இருந்த தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. விழுந்ததும் நல்லதற்கே என்று நினைத்தாள். தண்ணீருக்குள் எந்தப் போன் பேசும்?

பேசியது. முன்னைவிடச் சத்தமாகப் பேசியது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தாள்.

விளக்கெல்லாம் அணைந்தது. நூறு மெஷினும் ஒரேயடியாக நின்றது. பேட்டரி ஸ்பீக்கருக்குக் கரண்ட் எதற்கு? அந்த அமைதியில் வெள்ளைக்காரர் கூரை அதிரக் கேட்டார்: "குட் யூ ஸ்பெல் தட், ப்ளீஸ்?"

கரண்ட் இல்லை, ஸ்பீக்கரில் இங்கிலீஷ். சூப்பர்வைசர் அந்தோணிராஜுக்கு அது போதும். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தால் கரண்டை நிறுத்தி இங்கிலீஷில் அறிவிப்பார்கள் என்று ஆறு மாதமாக எல்லோரையும் பழக்கியிருந்தார்.

"ஃபயர் டிரில்லு! வெரசாக் கெளம்புங்க! ரெண்டு வரிசை!"

இருநூறு பேர் வாசலில் போய் நின்றார்கள். அப்போதுதான் குரல் பட்டென்று நின்றது.

முதலாளி வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "அந்த இங்கிலீசு... எல்லாத்துக்கும் கேட்டுச்சா?"

இதற்கு மேல் பயப்படச் சித்ரகலாவிடம் தெம்பில்லை.

"நான்தானுங்க சார். என் போன்தானுங்க. சனிக்கிழமை எனக்குப் பரீட்சைங்க, வெளிநாடு போறதுக்கு."

சிவராஜ் அவளை வெறித்துப் பார்த்தார். "எந்த ஊர்ல?"

"கோயமுத்தூருங்க. காலைல ஒம்பது மணிக்கு."

அவர் முகம் இன்னும் வெளுத்தது. "சரி சரி. லீவு எடுத்துக்கம்மா. இதப் பத்தி ஆரும் பேசக் கூடாது." விறுவிறுவென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்ரகலாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வாளிக்குள் கைவிட்டு, செத்துப்போன போனை எடுத்தாள்.

காலி டம்ளரோடு வந்த பழனாயி அவள் காதருகே குனிந்தாள்.

"நீ ஏங் கண்ணு பழியத் தலைல போட்டுக்கிட்ட? மொதலாளிதான் நோட்டும் பென்சிலுமா உக்காந்து, போன்ல ஒண்ணுமே கேக்கலைன்னு சத்தத்தக் கூட்டிக் கூட்டி வெச்சுட்டிருந்தாரு!"